மைனஸ் மூன்று

பழைய தாலுகா ஆபீஸ் கதைகளை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வாரம் ஒரு பட்டனைப் பற்றி எழுதப் போகிறேன். அதன் பெயர் ட்ரான்ஸ்போஸ். நம் ஊர் மார்கழி பஜனையில் கேசியோ வாசிக்கிற பையனைக் கேட்டால் காட்டுவான். அதை ஒரு தட்டுத் தட்டினால் மொத்தக் கீபோர்டும் அரைக் கட்டை ஏறும், அல்லது இறங்கும். விரல் பழைய இடத்திலேயே ஓடும். சத்தம் மட்டும் வேறு சுருதியில் வரும்.

இந்தப் பட்டன் சோம்பேறிகளின் பட்டன் என்று முப்பது வருடமாகச் சொல்லி வந்தவன் நான். சின்னப் பையன்களை இதற்காகக் கடிந்துகொண்டும் இருக்கிறேன். இப்போது என் கருத்து மாறிவிட்டது. ஏன் மாறியது என்பதைச் சொல்ல, முதலில் அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது பாண்டிச்சேரியில். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் விட்டபோது எனக்கு நான்கு வயது. 1962 ஆகஸ்டில் சட்டப்படி ஒப்படைத்தபோது பன்னிரண்டு. ஆட்சி போனதே தவிர பிரெஞ்சு வழிப் படிப்பு போகவில்லை. நானும் அதில்தான் படித்தேன். அப்பா காலமான பிறகு அம்மாவின் ஊரான சங்ககிரிக்கு வந்து, சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதி, தமிழ் வழியில் படிக்காதவன் என்பதால் தமிழ் மொழித் தேர்வும் தனியாக எழுதிப் பாஸ் செய்து, குமாஸ்தா ஆன கதையெல்லாம் முன்பே எழுதியிருக்கிறேன்.

பள்ளியில் எங்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்த சாமியாரிடம் காலால் மிதித்து வாசிக்கும் பிரெஞ்சு ஆர்மோனியம் ஒன்று இருந்தது. ஆர்மோனியத்துக்கு அந்தப் பெயரை வைத்துக் காப்புரிமை வாங்கியவரே பாரிஸ்காரர்தான். அலெக்சாந்த்ர் தெபேன், 1842. அந்தப் பெட்டியில்தான் நான் தோ, ரே, மி படித்தேன். பிரெஞ்சுக்காரர்களுக்குத் 'தோ' என்றால் முதல் வெள்ளைக் கட்டை. அதை யாரும் நகர்த்த முடியாது. பட்டாவில் உள்ள சர்வே நம்பர் மாதிரி. நம்முடைய 'ச' அப்படிப்பட்டது அல்ல என்று எனக்குத் தெரிய வெகு காலம் ஆயிற்று. பாடுகிறவர் எந்த உயரத்தில் தொடங்குகிறாரோ, அந்த இடம் 'ச'.

சாமியார் சில நாள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு, "ட்ரான்ஸ்போஸே!" என்பார். எழுதியிருப்பதைவிட ஒரு கட்டை கீழே வாசிக்க வேண்டும். கண் ஒன்றைப் பார்க்கும், மனம் அதை மாற்றும், விரல் மாற்றியதை வாசிக்கும். தப்பினால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். ஒரு கட்டை இறக்குவது எனக்குச் சுமாராக வந்தது. ஒன்றரைக் கட்டை இறக்குவது கடைசி வரை வரவில்லை. ஆனாலும் சுருதி மாற்றுவது மூளையின் வேலை, யந்திரத்தின் வேலை அல்ல என்பது மட்டும் மண்டையில் ஆணியடித்த மாதிரி பதிந்துவிட்டது.

சங்ககிரிக்கு வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஆர்மோனியம் வாசிக்கிறேன். பிறகு அது கீபோர்டு ஆயிற்று. 2021இல் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் வயிற்றுப் பேரன் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து, அதில் ஹாப்ட்வெர்க் என்ற ஆர்கன் மென்பொருளைப் போட்டு, கீபோர்டோடு இணைத்துக் கொடுத்தான்.

படிக்கிறவர்களில் பலர் குழல் ஆர்கனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நூற்றுக்கணக்கான குழல்கள், ஒரு கட்டைக்கு ஒரு குழலாவது இருக்கும். காற்றை அடைத்து அனுப்பினால் அததன் நீளத்துக்கு ஏற்ற சத்தம் வரும். நீளமான குழலுக்குத் தாழ்ந்த ஸ்வரம், குட்டைக் குழலுக்கு உச்ச ஸ்வரம். சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் கோயிலில் இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டு ஊர் கொனாக்கர் கம்பெனி செய்த ஆர்கன் ஒன்று 1883 முதல் இருக்கிறது. அப்படி ஒன்றை வாங்க சங்ககிரி மாதிரி ஊர்க் கோயிலுக்கு எந்தக் காலத்திலும் முடியாது. ஆனால் இப்போது உண்மையான ஆர்கனின் ஒவ்வொரு குழலையும் தனித்தனியே ஒலிப்பதிவு செய்து கணினிக்குள் வைத்துவிடுகிறார்கள். விரலை எடுத்த பிறகு கோயில் சுவரில் மோதி அடங்கும் எதிரொலி உட்பட எல்லாம் அதில் இருக்கும். ஹாப்ட்வெர்க் 2002இல் வந்தது. மார்ட்டின் டைட் என்ற ஆங்கிலேயர் எழுதியது. அதோடு வருவது பர்மிங்ஹாமில் மோஸ்லி என்ற இடத்துக் கோயிலின் ஆர்கன், 1907இல் கட்டியது. லாரி ஹாரன் சத்தத்துக்கு நடுவே எங்கள் சின்னக் கோயிலில் அந்த ஆர்கன் முதல் முறை ஒலித்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

பேரன் போகும்போது, "தாத்தா, இதுல ட்ரான்ஸ்போஸர் இருக்குங்க. கஷ்டமான ஸ்கேல் வந்தா போட்டுக்குங்க" என்றான். "எனக்கு அது வேண்டாம்ப்பா" என்றேன். கொஞ்சம் கர்வத்தோடுதான் சொன்னேன்.

இனி என் மனைவியைப் பற்றி. அவள் இந்த ஊர்க்காரி. எங்களுக்குக் கல்யாணமான 1976இல் கோயிலில் அவள் குரல் தனியாகத் தெரியும். நான் அவளைக் கவனித்ததே அந்தக் குரலால்தான். கொரோனா முடிந்து கோயில் மறுபடி திறந்த பிறகு அவள் பாடுவதில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயை மூடி நிற்பாள். அந்தச் சமயத்தில் அவளுடைய அக்கா இறந்திருந்தார். துக்கம் என்று நினைத்துக்கொண்டு நான் கேட்கவே இல்லை. இப்படி இரண்டு வருடம் போனது.

ஒரு ஞாயிறு வீடு திரும்பும் வழியில் ஏதோ பேச்சுக்கு, "நீ ஏன் இப்பல்லாம் பாடறதே இல்ல?" என்று கேட்டேன்.

"பாட்டு எட்ட மாட்டேங்குதுங்க. நீங்க வாசிக்கற உசரத்துக்கு என் தொண்டை வராது. நடுவுல உடைஞ்சா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க."

"அதை முன்னமே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குன்னு சொல்லுவீங்க."

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அதே வார்த்தைகளை வேறு இருவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் இருவரும் அதன் பிறகு பாட்டுக் குழுவுக்கு வரவில்லை. அடுத்த வாரம் வாசித்துக்கொண்டே பெண்கள் பக்கம் பார்த்தேன். அறுபது தாண்டியவர்களில் பாதிப் பேர் வாயை அசைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், பாடவில்லை. வயதானால் பெண்களின் குரல் இறங்கும். இது இயற்கை. நான் வாசித்த சுருதி அவர்களுடைய நாற்பது வயதுக்கு உரியது.

சரி, கையாலேயே இறக்குவோம் என்று வீட்டில் உட்கார்ந்தேன். அந்தப் பாட்டு ஐந்து கட்டையில் எழுதியது. மூன்று கட்டைக்குக் கொண்டுவந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருக்கும் என்று தெரிந்தது. ஐந்து, நாலரை, நாலு, மூன்று என்று மூன்று படி. ஆனால் மூன்று கட்டையில் வாசிக்கக் கறுப்புக் கட்டைகள் நான்கு வேண்டும். என் வலது மோதிர விரல் வாதத்தில் மடங்காது. நாலு நாள் முயன்றேன். ஐந்தாம் நாள் பேரனுக்குப் போன் போட்டேன். அவன் சிரிக்கவில்லை. "மேல ட்ரான்ஸ்போஸர்னு ஒரு பட்டி இருக்கும் பாருங்க தாத்தா. அதுல மைனஸ் மூணு வைங்க, அவ்வளவுதாங்க" என்றான்.

வைத்தேன். முதலில் எனக்குத் தலை சுற்றியது. இது வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து நிலையான 'தோ' படித்தவன் காது அப்படி. விரல் 'சோல்' என்கிறது, காது 'மி' என்கிறது. எது பொய் என்று மனம் தடுமாறி இரண்டு வரி தாண்டுவதற்குள் நின்றுபோனேன். காதை அதன் போக்கில் விட்டு, கட்டையின் பெயரை மறந்து, "இது ச, இது ரி" என்று நினைத்துக்கொள்ளப் பழக ஒரு மாதம் ஆயிற்று. எழுபது வயதுக்கு மேல் தமிழ் சங்கீதத்தின் முதல் பாடத்தை ஒரு பட்டன் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

இதற்குப் பிறகுதான் என் பழைய எண்ணத்தில் எவ்வளவு நியாயம் இருந்தது என்று பார்க்கத் தொடங்கினேன். அதிகம் இல்லை.

முதலில், "எழுதிய சுருதி புனிதமானது" என்ற வாதம். எழுதிய சுருதி என்பதே காலத்துக்குக் காலம் நகர்ந்த ஒன்று. பாரிஸ் ஆபராவில் 'லா' என்ற ஸ்வரம் 448 அதிர்வு வரை ஏறிவிட்டது, பாடகர்கள் தொண்டை கிழிகிறது என்று முறையிட்டார்கள். பிரெஞ்சு அரசாங்கம் கமிட்டி போட்டது. ரோசினி, பெர்லியோஸ், மேயர்பேர் எல்லாம் அதில் உறுப்பினர்கள். 1859 பிப்ரவரியில், இனி 'லா' என்றால் 435 தான் என்று அரசாணை பிறந்தது. காலமெல்லாம் அரசாணை படித்த எனக்கு இதைவிட ஆனந்தமான அரசாணை வேறில்லை. பாடுகிறவர் தொண்டைக்காக ஒரு சர்க்கார் மொத்த நாட்டின் சுருதியையும் இறக்கியிருக்கிறது! இன்று உலகம் பொதுவாக வைத்திருக்கும் 440 என்பது 1939இல் லண்டனில் கூடிப் பேசி முடிவு செய்தது. ஆக, புத்தகத்தில் 'ஐந்து கட்டை' என்று போட்டவர் காலத்து ஐந்தும் இன்றைய ஐந்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே இல்லை.

வெயிலே சுருதியை மாற்றும். குழலுக்குள் காற்று சூடானால் சத்தம் வேகமாகப் போகும், ஸ்வரம் ஏறும். 20 டிகிரியில் 440க்குச் சேர்த்த குழல் நம் சேலத்துச் சித்திரை வெயிலில், 38 டிகிரியில், ஏறக்குறைய 453 காட்டும். அரைக் கட்டையில் பாதி. யாரும் பட்டனைத் தொடாமலே இது நடக்கிறது.

இரண்டாவது, "உண்மையான ஆர்கன்காரர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள்" என்ற வாதம். செய்தார்கள். பாக் வேலை பார்த்த லைப்சிக் கோயில்களில் ஆர்கனின் சுருதி மற்ற வாத்தியங்களைவிட ஒரு கட்டை உயரம். அதனால் ஆர்கன்காரருக்கு மட்டும் ஒரு கட்டை கீழே தள்ளி எழுதிய தாள் தனியாக உண்டு. அவருக்குப் பட்டன் இல்லை, எழுதித் தர ஆள் இருந்தார். அமெரிக்காவில் இர்விங் பெர்லின் என்று பெரிய பாட்டுக்காரர் இருந்தார். பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளில்தான் வாசிப்பார். சுருதி மாற்ற பியானோவின் அடியில் ஒரு நெம்புகோல் வைத்திருந்தார். பட்டனுக்கு அண்ணன் என்று சொல்லலாம்.

நான் சின்ன வயதில் பாடிய லத்தீன் கிரகோரியன் கீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு கோட்டில் எழுதுவார்கள். ஸ்வரங்களுக்கு இடையே உள்ள தூரம் மட்டும் அதில் தெரியும், எந்தக் கட்டையில் தொடங்குவது என்று இருக்காது. தொடங்கிக் கொடுக்கிறவர் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்வார். எங்கள் சாமியார் "ட்ரான்ஸ்போஸே!" என்று எங்களைப் பழக்கியது இதற்குத்தான். பாட்டு பாடுகிறவர்களிடம் இறங்கி வரட்டும் என்பதற்காக அவர் சொல்லிக் கொடுத்ததை, நான் பரீட்சையில் பாஸ் செய்கிற வித்தையாக மட்டும் நினைவில் வைத்திருந்தேன். தப்பு அவருடையது அல்ல.

மூன்றாவது, நம் நாடு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளைப் புத்தகத்தில் பாருங்கள். ராகம் போட்டிருக்கும், தாளம் போட்டிருக்கும், சுருதி இருக்காது. தியாகராஜர் கீர்த்தனைப் புத்தகமும் அப்படித்தான். அது அவரவர் தொண்டையின் விஷயம். எஸ். ஜி. கிட்டப்பா ஐந்து கட்டையில் பாடுவார் என்று என் மாமனார் தலைமுறை வாய் ஓயாமல் பேசும். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க அந்த உயரம் வேண்டியிருந்தது. மைக் வந்தது, வித்வான்கள் சௌகரியமான சுருதிக்கு இறங்கினார்கள், சங்கீதம் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

நாதஸ்வரத்தில் நடந்தது இன்னும் பெரிய காரியம். பழைய திமிரி நாயனம் குட்டை, சுருதி உச்சம். டி. என். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்துக்கு மாறினார். அதைச் செம்மைப்படுத்தியவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. சுருதியை இறக்குவதற்காகக் குழலையே நீட்டினார்கள். நம் கல்யாண வீடுகளில் இன்று கேட்கும் அந்தக் கம்பீரமான சத்தம் அப்படி வந்தது. ஆர்கனில் இதைச் செய்வதானால், எட்டு அடிக் குழலை அரைக் கட்டை இறக்க ஏறக்குறைய ஆறு அங்குலம் நீட்ட வேண்டும். அப்படி ஒவ்வொரு குழலையும் நீட்ட வேண்டும். கணினியில் அதை ஒரு பட்டன் செய்கிறது.

ஆர்மோனியத்துக்கும் இந்த நாட்டில் மரியாதை கிடைக்கவில்லை. 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தள்ளிவைத்தது. கமகம் வராது, ஸ்வரங்கள் நம் காதுக்குச் சரியான இடத்தில் இல்லை என்றார்கள். தடை தளர 1971 ஆயிற்று. அதற்குள் நம் ஆட்கள் கட்டை வரிசை முழுவதையும் நகர்த்தி வேறு சுருதிக்குக் கொண்டுபோகும் 'ஸ்கேல் சேஞ்சர்' ஆர்மோனியம் செய்துவிட்டார்கள். பாரிஸ்காரர் செய்த பெட்டியில் தோ நகராது. இந்தியர்கள் அதை நகர்த்திவிட்டார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு நெருக்கமான சாட்சி ஒன்று உண்டு. எழுபதுகளில் சங்ககிரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் மாரியம்மன் பண்டிகைக்குத் தெருக்கூத்து பார்க்கப் போவோம். ஆர்மோனியக்காரர் ஒருவரின் பக்கத்திலேயே உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ராஜா வேஷத்துக்கு ஒரு கட்டை, பெண் வேஷக்காரருக்கு வேறு கட்டை. விடியற்காலம் மூன்று மணிக்குத் தொண்டை கட்டியவர் உள்ளே வந்தால், கேட்காமலே அரைக் கட்டை இறக்கிவிடுவார். எனக்கோ ஆச்சரியம். "எப்படிங்க, பாட்டு ஒன்னுதானே, கட்டையை மாத்திப்புட்டீங்க?" என்று கேட்டேன். "தொண்டைக்குத்தானுங்க கட்டை. கட்டைக்காகத் தொண்டையை மாத்த முடியுங்களா?" என்றார். அன்றைக்கு அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். அவருக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. என்னைவிடப் பெரிய படிப்பு படித்தவர் என்று இப்போது தெரிகிறது.

ஆகவே என் கட்சி இதுதான். கூட்டமாகப் பாடும் இடத்தில், அது கோயில் ஆனாலும் பஜனை மடம் ஆனாலும், சுருதியை முடிவு செய்ய வேண்டியது அங்கே நிற்கிறவர்களின் தொண்டை. புத்தகமும் அல்ல, வாசிக்கிறவன் விரலும் அல்ல. அதற்குப் பட்டன் உதவினால் வெட்கப்படாமல் பயன்படுத்த வேண்டும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பட்டபின் கற்ற சில விஷயங்களைச் சொல்கிறேன், வாசிக்கிறவர்களுக்கு உதவும்.

பாட்டின் சுருதியைப் பார்க்காதீர்கள், பாட்டில் வரும் மிக உயர்ந்த ஸ்வரத்தைப் பாருங்கள். அது மேல் ஸ்தாயி இரண்டாம் கட்டையைத் தாண்டினால் சாதாரண ஜனங்கள் திணறுவார்கள். தாண்டாத அளவுக்கு இறக்குங்கள். வயதானவர்கள் அதிகம் என்றால் இன்னும் அரைக் கட்டை. அதோடு நிறுத்துங்கள். ரொம்பவும் இறக்கினால் பாட்டு கிணற்றுக்குள் போய்விடும். அடி ஸ்வரங்கள் யாருக்கும் கேட்காது.

இறக்கினால் கீழ்க்கோடிக் கட்டைகள் சில ஊமையாகிவிடலாம். மைனஸ் மூன்று வைத்தால் கடைசி மூன்று கட்டைக்கு உரிய குழல் அந்த ஆர்கனில் இருக்காது. இல்லாத குழலைக் கணினி எங்கிருந்து கொண்டுவரும்? காலால் மிதிக்கும் கட்டை வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய காலத்து ஆர்கன்களின் ஒலிப்பதிவு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இன்றைய கீபோர்டில் எல்லாக் கட்டைக்கும் இடையே ஒரே தூரம், எங்கே நகர்த்தினாலும் பாட்டு அதே பாட்டு. பழைய ஆர்கன்கள் சிலவற்றில் அப்படி இல்லை. சில சுருதிகள் தேனாக இருக்கும், சில சுருதிகள் ஊளையிடும். வெள்ளைக்காரர்கள் அதற்கு ஓநாய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டன் உங்களைத் தெரியாமல் ஓநாயிடம் கொண்டுபோய் விடலாம். மென்பொருளிலேயே சம இடைவெளி சுருதிக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு.

நாதஸ்வரமோ புல்லாங்குழலோ கூட வாசித்து, கொஞ்சமாக ஒட்டாமல் நின்றால் ட்ரான்ஸ்போஸ் உதவாது. அது அரைக் கட்டை அரைக் கட்டையாகத்தான் தாண்டும். நூலளவு ஏற்றி இறக்க வேறு இடம் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடைசிச் சரணத்துக்கு ஒரு படி ஏற்றி ஜோர் காட்டும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. சினிமாப் பாட்டுக்கு அழகாக இருக்கலாம். கூட்டமாகப் பாடும் இடத்தில் வேண்டாம் என்பேன். அதுவரை பாடி வந்த கிழவியை வாசல் வரை அழைத்து வந்து கதவைச் சாத்துகிற மாதிரி அது.

பாட்டு முடிந்ததும் சைபருக்குத் திருப்புங்கள். இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒத்திகை. கல்லூரிப் பெண் வயலினோடு வந்திருந்தாள், ஒரு பையன் கிடாரோடு. முந்தின ஞாயிறு வைத்த மைனஸ் மூன்று அப்படியே இருந்தது. நான் கம்பீரமாகத் தொடங்கினேன். அவர்கள் ஒன்றில், நான் ஒன்றில். சந்தைக்கடை மாதிரி ஆயிற்று. அந்தப் பெண், "தாத்தா, உங்க ஆர்கன்ல கோளாறுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள். கோளாறு ஆர்கனில் இல்லை. இப்போது லேப்டாப் மூடியில் 'சைபர்?' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

கடைசியாக, சின்னப் பையன்களுக்கு. நான் உங்களைக் கடிந்துகொண்டதற்கு மன்னிக்க வேண்டும். ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மூன்று சுருதியிலாவது பட்டன் இல்லாமல் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் லேப்டாப் அணையும், அலமாரியில் இருக்கும் பழைய ஆர்மோனியத்தில் பட்டன் கிடையாது. நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மனைவி விஷயத்தைச் சொல்லவில்லையே. மைனஸ் மூன்று வைத்து முதல் முறை கோயிலில் வாசித்த ஞாயிறு நான் அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் சரணத்துக்கு வழக்கம்போல வாயை மூடி நின்றாள். பல்லவி திரும்பி வந்தபோது தலையைச் சாய்த்துக் கேட்டாள். இரண்டாம் சரணத்தில் சேர்ந்துகொண்டாள். பழைய குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு. பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக் கொடுத்தபோது, "இன்னிக்குப் புஸ்தகத்தை மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள். பாட்டுக் குழுவை விட்டுப் போன அந்த இருவர் வீட்டுக்கும் அடுத்த வாரம் போய் வந்தேன். ஒருவர் மறுபடி வருகிறார். இன்னொருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.